தட்டு இல்லாமல் வந்த அழைப்பு

அநீதிக்கு ஆளானவர்: என் மாமியார் ஜோதிலட்சுமி, வயது எழுபத்தொன்று, ராஜா அண்ணாமலைபுரம். அநீதி: இரண்டு கையும் நன்றாக இருக்கும்போதே அவருக்கு இட்லி ஊட்டப்பட்டது. செய்தவர்: என் கணவர் மதிவாணன். ஆதாரம்: செய்தவரே எடுத்துக்கொண்ட செல்ஃபி.

நான் சட்டம் படிக்கிறவள். எதையும் இப்படி வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். கோபம் வந்தால் இன்னும் வரிசையாக வரும்.

நாலு மாதத்துக்கு முன்னால் அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்தார்கள். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். எழும்போதும் உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான். கைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கையால் கீரை ஆய்வார். கொசு அடிப்பார். நான் படிக்காமல் போனை நோண்டினால் வாக்கரில் டங் டங்கென்று தட்டுவார்.

ஒரு நாள் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் என் கணவர் அத்தையின் தட்டிலிருந்து ஒரு விள்ளல் இட்லி எடுத்தார். ஊட்டினார். படம் எடுத்தார். "மீதியை நீ பாத்துக்கோ மேகலா" என்று போய்விட்டார். அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. கீழே ஒரு வரி: 'அன்று நீ ஊட்டினாய். இன்று நான்.'

நாற்பத்து மூன்று ஹார்ட். "இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா!" என்று ஏழு பேர். தியாகராய நகரில் இருக்கும் அத்தையின் தம்பி ஆனந்தகுமார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "அக்காவுக்குக் கையும் வரலையாடா?"

அதற்கு என் கணவர் ஒரு கும்பிடு போட்டார்.

கும்பிட்டால் என்ன அர்த்தம்? ஆமாம் என்றா, இல்லை என்றா, கடவுள் விட்ட வழி என்றா? ஆனந்து மாமா மூன்றாவதாக எடுத்துக்கொண்டார்.

அதன் பலன் அடுத்த வாரம் தெரிந்தது. மாமாவின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் குடும்பத்தில் கூடப்பிறந்தவளை நேரில் வந்துதான் அழைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மேலே பத்திரிகை. முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது அக்காவுக்கு. அந்தக் கல்யாணத்துக்குப் போகத்தான் அத்தை மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தார். வந்ததோ, போனில் ஒரு பத்திரிகை. கூடவே ஒரு லிங்க். 'அக்காவை அலைக்கழிக்க வேண்டாம். படுத்தபடியே லைவ்ல பார்த்து ஆசீர்வாதம் பண்ணச் சொல்லு.'

அத்தை அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அன்று பயிற்சி செய்யவில்லை.

சாயங்காலம் என் கணவரைச் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் படத்தை எடுத்துடுங்க."

"எந்தப் படம்?"

"இட்லி."

"நாப்பத்தி மூணு ஹார்ட் வந்திருக்கு மேகலா!"

"அத்தைக்கு ஒரு தட்டு வரலையே."

"மாமா நல்லதுக்குத்தானே சொல்றாரு? பதினேழு படி இறங்கணும். லிஃப்ட் கிடையாது. அம்மாவால முடியுமா?"

"முடியுமான்னு அவங்களைக் கேட்டீங்களா?"

"எங்கம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா? நான்தானே பாத்துக்கறேன்."

"என்னத்தை?"

"வாக்கர் யாரு வாங்கினது? மாத்திரை டைம்டேபிள் யாரு ஒட்டினது? கூப்பிடறதுக்கு மணி யாரு வாங்கி வெச்சது?"

"மணி அடிச்சா யாரு வர்றது?"

அவர் சுவரிலிருந்த டைம்டேபிளைப் பார்த்தார். அதில் அந்த விவரம் இல்லை.

மறுநாள் காலை, குழுவில் போடுவதற்காக எட்டு பாயிண்டில் ஒரு மறுப்பு எழுதினேன். ஒவ்வொரு பாயிண்டுக்கும் உட்பிரிவு உண்டு. அத்தையிடம் படித்துக் காட்டினேன். நாலாவதில் கை காட்டி நிறுத்தினார்.

"நல்லா இருக்குடி. இதைப் போட்டா என்ன ஆகும்?"

"உண்மை எல்லாருக்கும் தெரியும்."

"மருமகளுக்கு வாய் நீளம்னு தெரியும். போனைக் குடு."

அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் இருந்தவர். குரல் செய்தி அனுப்பவும் நிமிர்ந்து உட்கார்ந்து, முடியைக் கோதிக்கொண்டுதான் பேசுவார்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை யாருக்கும் கிடைக்காது. வர்ற ஞாயித்துக்கிழமை மருமகளை ஒரு வேலையும் தொடக்கூடாதுன்னுட்டான். எனக்கு எல்லாம் அவனேதான் செய்யப்போறான். ஆனந்து, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து உன் கண்ணால பாரு. நன்றி."

அரை மணி நேரத்தில் அறுபத்தோரு ஹார்ட். ஆபீசிலிருந்து போன் வந்தது.

"மேகலா, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"சொல்லலைன்னு குரூப்ல போடுங்களேன்."

போடவில்லை. கும்பிடு போட்டார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு மணி அடித்தது. நான் புத்தகத்தை விரித்தபடி ஹாலில் உட்கார்ந்திருந்தேன். வரவேண்டியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். அத்தையின் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்.

"டேய்! நான் என்ன அரிசி மூட்டையா? கையை எடு. முன்னாடி வந்து நில்லு. நானே எழுந்துப்பேன். விழுந்தா மட்டும் பிடி."

"அப்ப நான் சும்மா நிக்கணுமா?"

"அதான்டா கஷ்டம்."

அத்தை வாக்கரை அழுத்தி, மூச்சை இழுத்து, ஒரு முனகலோடு எழுந்தார். என் கணவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோல்கீப்பர் மாதிரி நின்றார். எழுந்தது அத்தை. வியர்த்தது அவருக்கு.

குளிப்பாட்டும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மற்றதெல்லாம் அவர் தலையில். காபி போட்டார். இட்லி அவித்தார். பிறகு நகம் வெட்டக் கீழே உட்கார்ந்தவர், அத்தையின் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வலது செருப்பு ஏம்மா இவ்வளவு தடியா இருக்கு?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தக் கால் அரை இஞ்ச் குட்டைடா. மேகலா அட்டை வெச்சுத் தைச்சுக்கிட்டு வந்தா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"டைம்டேபிள்ல இடமில்லையே."

அவர் செருப்பைக் கீழே வைத்தார். அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக, "வலிக்குதாம்மா? வலிக்குதாம்மா?" என்று கேட்டுக் கேட்டு வெட்டினார். பத்து நகத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது. அதைப் பக்கம் புரட்டி மறைத்துக்கொண்டேன்.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் தினம் மத்தியானம் படி இறங்கிப் பாக்கறோம்" என்றார் அத்தை. "பதினொண்ணு வரைக்கும் வந்தாச்சு."

"பதினேழு இருக்கேம்மா."

"கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே."

அவர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். போன வாரம் வரை பார்த்த பார்வை இல்லை அது. அத்தை அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். கொடுத்த கையோடு, "அந்தப் பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில வெயில்ல போட்டுட்டு வாடா கண்ணா" என்றார்.

மெத்தை தாத்தா காலத்துக் கனம். மாடி ரெண்டு ஏறவேண்டும். வந்ததும், "போர்வை ரெண்டையும் கையால கசக்கிப் பிழிஞ்சுடு. மெஷின்ல போட்டா நைஞ்சிடும்." மூன்று மணிக்கு, "மெத்தையை எடுத்துட்டு வந்துடு. மறுபக்கம் திருப்பிப் போடு. இல்ல, பழைய பக்கமே நல்லாயிருந்துச்சு."

நாலரைக்கு என் கணவர் என்னிடம் வந்தார். வலது கை இடுப்புக்கு மேல் எழவில்லை.

"கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடேன்."

"என்னை ஒரு வேலையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே."

அத்தை கட்டிலிலிருந்து தானே எழுந்தார். வாக்கரோடு டங் டங்கென்று சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "பாவம், மத்தியானம்கூடச் சரியா சாப்பிடல பிள்ளை. இப்படி வந்து உக்காரு" என்று தட்டில் இட்லியை வைத்தார். அவர் இடது கையால் பிய்க்கப் பார்த்தார். இட்லி நழுவிச் சட்டினியில் விழுந்தது.

"விடுடா. ஆ காட்டு."

காட்டினார். அப்போதுதான் காலிங்பெல் அடித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக ஐந்து. மெத்தை எதற்காக வெயிலுக்குப் போயிற்று என்பது எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

கதவைத் திறந்தேன். ஆனந்து மாமா நின்றிருந்தார். கையில் ஆப்பிளும் ரொட்டிப் பாக்கெட்டும். நோயாளியைப் பார்க்க வந்த முகம். அந்த முகம் முதலில் காலிக் கட்டிலைப் பார்த்தது. பிறகு மேசையைப் பார்த்தது.

"என்னக்கா இது? யாரு யாரைப் பாத்துக்கறீங்க? உனக்குக் கை வரலைன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருக்கேன்!"

என் கணவர் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அத்தை அதில் ஒரு விள்ளலை வைத்து அடைத்தார்.

"எனக்கு வருது ஆனந்து. இவனுக்குத்தான் இன்னிக்கு வரல. அந்த ஆப்பிளை இவன்கிட்ட குடுத்துட்டு, நீ போய்த் தட்டோட வா."