குவாரி விராலுக்குக் கோடு போட்ட கதை

தைரியமானவர்கள் மீன் பிடிக்கப் போகிறார்கள். பயந்தவர்கள் மீன் பிடிக்கப் போவதற்குத் திட்டம் போடுகிறார்கள். நான் இரண்டாவது ஜாதி. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் சேஃப்டி ஆபீசராக வருடக்கணக்கில் குப்பை கொட்டியவன் வேறு எப்படி இருப்பான்? ஏணியைப் பார்த்தால் எனக்கு விழுகிறவன் தெரிவான். தீக்குச்சியைப் பார்த்தால் எரிந்த கட்டடம் தெரியும். தூங்குகிற குழந்தையைப் பார்த்தால் கட்டிலின் விளிம்பு மட்டும் தெரியும். ("உங்களுக்கு நிலாவக் காட்னாகூட அது கழண்டு வுழுமான்னுதான் பாப்பீங்க" என்பாள் என் மனைவி சுமதி. பார்த்திருக்கிறேன்.)

அந்த வருடம் என் மகள் நித்யா, பிரகாஷ் என்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். நல்ல பையன். அவன் அம்மா சம்மதித்துவிட்டார். அப்பா கோதண்டம்தான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் விவசாயம். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கேசரியைத் தின்று, காபியைக் குடித்து, மின்விசிறியைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சாரு, மீன் புடிப்பீங்களா?"

"புடிச்சதில்லைங்க. ஆனா ஆசை உண்டு" என்றேன். (எந்த ஆசையும் கிடையாது. அந்த நிமிஷம் அவர் 'சாரு, மரம் ஏறுவீங்களா' என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான்.)

"அப்ப ஒரு ஞாயித்துக்கெழம வாங்கோ, போலாம். தண்ணியாண்ட ஒரு நாளு கூட குந்திகினு இருந்தா ஆளு இன்னான்னு தெரிஞ்சிடும். அப்பறமா முடிவு சொல்றேன்."

சமையலறை வாசலில் நித்யாவின் முகம் தெரிந்தது. பரீட்சை அவளுக்கு இல்லை, அவள் அப்பனுக்கு என்று புரிந்துகொண்ட முகம். அவ்வளவு வெளிறிய முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இடத்தையும் அவரே சொன்னார். தேர்வாய் கண்டிகையைத் தாண்டி, ஆந்திர எல்லைப் பக்கம் போகிற வழியில், கைவிட்ட கல்குவாரி. மழைத் தண்ணீரும் ஊற்றும் நிறைந்து ஏரியாகிவிட்டது. "கண்ணாடி மாரி தண்ணி சாரு. கீழ கெடக்கற கல்லு தெரியும். ஆழம் மட்டும் தெரியாது. கை நீளத்துக்கு விரால் கீது. சாமானியமா மாட்டாது."

அன்றிலிருந்து எனக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஷிப்டில் நின்றால் உலைக்குள் நீலமாகத் தெரிந்தது. சோற்றைப் பிசைந்தால் விரல்களுக்கிடையே குளிர்ந்தது. போனில் விரால் பிடிக்கும் வீடியோக்களாகப் பார்த்தேன். விரால் பதுங்கி இருக்கும், மூச்சு வாங்க மட்டும் மேலே வரும், தெளிந்த தண்ணீரில் நாம் அதைப் பார்ப்பதற்கு முன் அது நம்மைப் பார்த்துவிடும் என்றார்கள். கோதண்டமும் மீனும் சேர்ந்து என்னைப் பார்க்கப் போகிறார்கள்.

ஆனால் நிஜமான பயம் வேறு. அவர் வழுக்கி விழுந்துவிட்டால்? பெண் கொடுக்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவை மூழ்கடித்தவன் என்ற பெயரோடு நான் எந்தப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று அச்சடிப்பேன்?

ஆகவே திட்டம் போட்டேன். நீச்சல் தெரியாத இருவருக்கு (அவருக்குத் தெரியுமா என்று கேட்க வெட்கம்) மிதவை ஜாக்கெட் இரண்டு ஆன்லைனில் வந்தன. பளீர் ஆரஞ்சு. சுழலும் ரீல் வைத்த தூண்டில் ஒன்று, கொக்கி வைத்த ரப்பர் தவளை ஒன்று. ஆலையிலிருந்து ஹெல்மெட் இரண்டு.

அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். முந்தின ஞாயிற்றுக்கிழமையே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இடத்தைப் பார்வையிடப் போனேன்.

குவாரியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். மூன்று பக்கம் செங்குத்தாக அறுத்த பாறை. ஒரு பக்கம் மட்டும் பழைய லாரிப் பாதை சரிந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருந்தது, உள்ளே யாரோ இன்னும் கல் ஏற்றக் காத்திருப்பதுபோல. தண்ணீர் அசையவில்லை. வானம் மேலே இருந்ததைவிடக் கீழே சுத்தமாக இருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் என் கேள்விகளை ஆரம்பித்தேன். பெயர் மங்கம்மா. ஆழம் எவ்வளவு? இது யாருக்குப் பாத்தியப்பட்டது? பெரிய வண்டி வர வழி உண்டா? (ஆம்புலன்ஸுக்காகக் கேட்டேன்.) எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன்.

"எதுக்கு சாரு இதெல்லாம்?" என்றார் மங்கம்மா.

"அடுத்த ஞாயித்துக்கெழம ஒருத்தரக் கூட்டிகினு வரணும்மா. பெரிய மனுசன். அவரு பாத்து சரின்னு சொல்லிட்டா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்."

கல்யாணத்தைத்தான் சொன்னேன். அவர் முகம் இறுகியதையும் பார்த்தேன். ஆடு ஏதோ காணவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

குறித்த நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன் கோதண்டத்தோடு வாடகைக் காரில் போய் இறங்கினேன். அவர் வெள்ளை வேட்டி, மூங்கில் தூண்டில், ஒரு டப்பா மண்புழு, அவ்வளவுதான். நான் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு, இன்னொரு ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் நீட்டினேன்.

"ஹெல்மெட்டு எதுக்கு சாரு? மீனு மேலேந்து வுழுமா?"

"பாறை சரியுங்க. உங்க பையன் வேல செய்யற எடத்துல இது இல்லாம உள்ள விடமாட்டாங்க."

பையன் பேச்சு வந்ததும் வாங்கி மாட்டிக்கொண்டார். வேட்டிக்கு மேல் ஆரஞ்சு ஜாக்கெட், தலையில் மஞ்சள் ஹெல்மெட். அவரைத் தண்ணீரிலிருந்து தள்ளி உட்கார வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். கயிற்றின் நுனியில் கனமான இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி இறக்கி, ஓரத்தில் ஆழம் பார்த்தேன். இதைத் தாண்டக் கூடாது என்பதற்குச் சுண்ணாம்புப் பொடியால் வெள்ளைக் கோடு. கோட்டின் மேல் குச்சிகளில் சிவப்புத் துணிக் கொடிகள்.

"சாரு, மீன் புடிக்க வந்தமா, ஊடு கட்ட வந்தமா?" என்றார் கோதண்டம். அந்த ஒரு வாக்கியத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

கடைசிக் கொடியை நட்டு நிமிர்ந்தபோது மேலே, பாறை விளிம்பு முழுக்க ஆட்கள். பெண்கள், ஆண்கள், துடைப்பம், பால் கேன், பல் துலக்கிக்கொண்டே வந்த ஒருவர். முன்னால் மங்கம்மா.

"இன்னா சாரு, கோடு போட்டாச்சா?"

"ஆச்சும்மா. ஆழம் கூட அளந்தாச்சு" என்றேன் பெருமையாக. ஒருவர் என் வேலையைக் கவனித்துக் கேட்பது எனக்கு அபூர்வம்.

அவ்வளவுதான். சரிவுப் பாதையை அடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் ஆரஞ்சு உடுப்பு, ஹெல்மெட், கயிறு, வெள்ளைக் கோடு, சிவப்புக் கொடி எல்லாம் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்: நிலம் எடுக்க வந்துவிட்டார்கள். இது எனக்குத் தெரியாததா? அப்படி எழும்பிய தொழிற்பூங்காக்களில் ஒன்றில்தானே என் மாப்பிள்ளை வேலை பார்க்கிறான். இருந்தும் என் பயத்தை அளப்பதில் மும்முரமாக இருந்தவனுக்கு அடுத்தவர் பயம் கண்ணில் படவில்லை.

"கொளத்த எடுத்தீங்க, மேச்சல எடுத்தீங்க, இந்தத் தண்ணி ஒண்ணுதான் மீதி கீது. ஆடு மாடுங்கோ எங்க போய் குடிக்கும்?" என்றார் மங்கம்மா.

கோதண்டம் எழுந்தார். "ஏம்மா, நானா நெலம் எடுக்கறவன்? எங்க ஊர்ல ரோடு போட வந்தப்ப ஜேசிபி முன்னால படுத்தவன் நானு. வெவசாயி."

"போன தபா வந்த ஆபீசரும் வேட்டி கட்டிக்கினுதான் வந்தாரு. அவரும் வெவசாயின்னுதான் சொன்னாரு. எங்க ஊட்லயே நாஷ்டா துன்னுட்டுப் போனாரு."

கோதண்டத்தின் காது மடல் சிவந்தது. தன் வாழ்நாள் கௌரவம் என்னுடைய ஜாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டிருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பாமலே, "சாரு, நீங்க யாருன்னு சொல்லுங்கோ" என்றார்.

பதற்றத்தில் மனிதன் தன்னிடம் இருக்கும் மிக அதிகாரபூர்வமான பொருளைத் தேடுவான். நான் பர்ஸைத் திறந்து, என் கம்பெனி அடையாள அட்டையை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன்.

"கார்டே காட்டறாம் பாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பல் துலக்கியவர் துப்பினார். கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டார். என் மகளின் கல்யாணம் அந்த மூடிய இமைகளுக்குப் பின்னால் எங்கோ தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

தீர்ப்பை மங்கம்மாதான் சொன்னார். "சரி நைனா. மீன் புடிக்க வந்தேன்னு சொல்ற இல்ல? புடிச்சிக் காட்டு."

ஊரே பாறைமேல் உட்கார்ந்துகொண்டது. தண்ணீருக்குள், இரண்டு ஆள் ஆழத்தில், ஒரு விரால் நின்றிருந்தது. அவ்வளவு தெளிவு, அதன் உடம்பின் கறுப்புத் திட்டுகள்கூடத் தெரிந்தன. ஊர் பார்த்தது. நான் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. எல்லோரிலும் அதுதான் நிதானமாக இருந்தது.

தூண்டிலைப் பின்னால் ஓங்கினேன். ஒரு வாரத்துக் கலக்கம் முழுவதையும் தோளில் சேர்த்து, முன்னால் வீசினேன்.

ரப்பர் தவளை தனியாகப் போகவில்லை. பின்னால் நின்றிருந்த கோதண்டத்தின் வேட்டியில் கொக்கி மாட்டி, அதையும் அழைத்துக்கொண்டு போனது. வேட்டி காற்றில் விரிந்து, ஒரு கணம் கொக்காகப் பறந்து, தண்ணீர் மேல் மெல்லப் படுத்தது. கோதண்டம் ஹெல்மெட், ஜாக்கெட், நீலக் கோடு போட்ட டிராயர் சகிதம் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. சம்பந்தியாக வேண்டியவரின் மானம் நடுக் குவாரியில் மிதக்கிறது. எட்டி எடுத்துவிடலாம் என்று பாய்ந்தேன். நானே போட்ட கோட்டைத் தாண்டினேன். பாசியில் கால் வைத்தேன். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது.

மூழ்கவில்லை, ஜாக்கெட் விடவில்லை. மல்லாந்தும் குப்புறவும் மாறி மாறிப் பம்பரமாகச் சுற்றினேன். ஒரு சுற்றில் கீழே பார்த்துவிட்டேன். நீலம், அதற்குக் கீழே கரும்பச்சை, அதற்குக் கீழே பெயரில்லாத ஒரு நிறம். அந்த அமைதியில் விரால் என் நிழலுக்குள் நின்று துடுப்பை அசைத்தது. இத்தனை நாள் நான் பயந்தது இந்த அழகுக்கா என்று தோன்றியது. அடுத்த சுற்றில் வாய் நிறையத் தண்ணீர். அழகு போய்விட்டது.

மேலே யாரோ தொடங்கி வைத்தார்கள். சிரிப்பு பாறைக்குப் பாறை தாவிக் குவாரி முழுக்க நிறைந்தது. அதன் நடுவே மங்கம்மாவின் குரல்: "அய்ய, இந்த ஆளுக்கு எந்தக் கம்பெனிக்காரன் சம்பளம் குடுப்பான்? மெய்யாலுமே மீனுக்குத்தான் வந்துகீறான். தூக்குங்கடா."

டிராயரோடு ஓரத்தில் மண்டியிட்டு மூங்கிலை நீட்டியவர் கோதண்டம். பற்றிக்கொண்டேன். "சம்பந்தி, கெட்டியா புடிச்சிக்கோங்க, உட்டுடாதீங்கோ" என்றார்.

சம்பந்தி. அந்த வார்த்தையைக் கேட்ட அதிர்ச்சியில் மூங்கிலை விட்டுவிட்டேன். மறுபடி ஒரு சுற்று. மறுபடி மூங்கில். அன்றைக்கு அந்தக் குவாரியில் தூண்டிலில் ஏறியது நான் ஒருவன்தான்.

மங்கம்மா வீட்டில் கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொடுத்தார்கள். கோதண்டத்துக்கு யாரோ ஒரு கைலி. திரும்பும் வழியில் கவரைப்பேட்டை சிக்னலில் கார் நின்றபோது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"எந்நேரமும் மெசினாண்ட நிக்கற பையன் சம்பந்தி. ராவானா முழுசா வந்து சேர்ந்தானான்னு நானும் அவன் அம்மாவும் வாசலப் பாத்துக்கினு குந்திகினு இருப்போம். பயப்பட இன்னொரு ஆளு கெடச்சா நல்லதுதான்."

கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது மணமேடையைச் சுற்றி யாரோ சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார்கள். பிரகாஷின் சித்தப்பா வேலை அது. மூன்றாவது வரிசையில் மங்கம்மாவும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் உட்கார்ந்து, எங்கள் உறவினர் ஒவ்வொருவருக்கும் வேட்டி பறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் தெரியாத ஆள் கதவைத் தட்டினால், சுமதி உள்ளே இருந்தே குரல் கொடுப்பாள்: "கையில தூண்டில் இருக்குதான்னு பாரு. இருந்தா நல்லவன்." மளிகைக் கடைப் பையன், கேஸ் சிலிண்டர்காரர், வாக்குக் கேட்டு வருகிறவர் எல்லோருக்கும் அதே சோதனைதான்.

போன மாதம் மங்கம்மாவிடமிருந்து போன் வந்தது.

"சாரு, ஆரஞ்சு சட்ட போட்டுக்கினு நாலு பேரு வந்துகீறாங்கோ. குவாரியாண்ட கயிறு உட்டு அளக்கறாங்கோ. உங்காளுங்களா?"

சிரித்துக்கொண்டே, "கையில தூண்டில் இருக்குதாம்மா?" என்றேன்.

அவர் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"இல்ல சாரு."

"அப்ப இருங்க. சம்பந்தியக் கூட்டிகினு வந்துடறேன்" என்றேன். அலமாரியைத் திறந்து, ஆரஞ்சு நிறம் ஒரு நூல்கூட இல்லாத சட்டையாகத் தேடத் தொடங்கினேன். இந்தத் தடவை எந்தத் திட்டமும் போடவில்லை.