போர்டு மட்டும் மங்கல்

"இன்னிக்காவது பில் போடலாமா?" என்று கேமராக் கடைக்காரர் கேட்டார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடறேன்," என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

எல்லாம் தொழில் புத்தி. எந்த லிஃப்டையும் மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் அவன் கையெழுத்துப் போட்டதில்லை. லிஃப்டுக்குச் சரி. ஒரு பழைய ஜூம் லென்ஸுக்கு மூன்று சனிக்கிழமை எடுத்துக்கொள்கிற மனுஷனை என்ன செய்வது?

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. புது லென்ஸின் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. கைக்கு எட்டுகிற விலையில் இருந்தது இது ஒன்றுதான், யாரோ விற்றுவிட்டுப் போன எழுபது-முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நிற்கிறவன், கண்ணெதிரே மூன்றடியில் சுவர். எதையாவது தூரத்தில் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு வெறியே பிடித்திருந்தது. ஊருக்கு வெளியே ஏரியில் எங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கியிருந்தன. மாதக் கடைசியில் கிளம்பிவிடும். விட்டால் அடுத்த வருஷம்தான்.

எதிரே இருந்த மருந்துக்கடையின் போர்டைத்தான் அவன் குறிவைத்தான். எழுத்து தெளிவாக விழுந்தால் லென்ஸ் நல்லது என்பது அவன் கணக்கு. முதல் வாரம் வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தான், போர்டு மங்கல். அடுத்த வாரம் ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கையை ஊன்றி எடுத்தான். அப்போதும் மங்கல்.

"நீங்க கையை ஆட்டறீங்க. ஸ்டாண்டு தரேன், போட்டுப் பாருங்க," என்றார் கடைக்காரர்.

மூன்றாவது வாரம் நடைபாதையை அடைத்துக்கொண்டு ஸ்டாண்டு நின்றது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று மருந்துக்கடையையே பார்க்க ஆரம்பித்தார்கள். மாத்திரை கொடுக்கிற பெண் கல்லாவைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்து நேராக வந்தாள்.

"மூணு வாரமா பார்க்கிறேன். என்னை எதுக்குப் படம் எடுக்கிறீங்க?"

"ஐயோ, உங்களை இல்லைங்க. உங்க போர்டை."

"காட்டுங்க."

காட்டினான். முதல் படத்தில் அவள் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்ததில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்ததில் ஊரே உள்ளே போகிற மாதிரி ஒரு கொட்டாவி. பதினோரு படத்திலும் இமை வரைக்கும் அவள்தான் பளிச்சென்று விழுந்திருந்தாள்.

"இதுல போர்டு எங்க?"

"மேல... மங்கலா இருக்கு பாருங்க."

கடைக்காரர் உதவிக்கு வந்தார். வராமலே இருந்திருக்கலாம்.

"தங்கமான பையன்மா. சனிக்கிழமை ஆனா டாண்ணு வந்து உங்களை எடுப்பார். வீட்டுக்குக் கொண்டு போய்ப் பெருசாக்கிப் பார்ப்பார். மறுவாரம் வந்து குறை சொல்வார். அவ்வளவுதான், வேற ஒண்ணும் தெரியாது அவருக்கு."

"குறையா?" என்றாள் அவள்.

மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது. "குறை லென்ஸ்லதாங்க. உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கடைக்காரர் அதற்குள் கேமராவை வாங்கித் திருகிப் பார்த்திருந்தார்.

"அட, முகத்தைத் தேடிப் பிடிக்கிற செட்டிங் ஆன்ல கிடக்கு. போர்டைக் காட்டினாலும் இது ஆளைத்தான் பிடிக்கும்."

இதை முதல் வாரமே பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

"எல்லாத்தையும் அழிங்க. அந்தக் கொட்டாவியை முதல்ல," என்றாள் அவள். பதினொன்றும் அழிகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

செட்டிங்கை மாற்றி எடுத்ததும் போர்டு கண்ணாடி மாதிரி விழுந்தது. "அப்புறமென்ன, பில் போடறேன்," என்றார் கடைக்காரர்.

"முந்தின சோதனை எல்லாம் செல்லாதே," என்றான் மெக்கானிக். "இப்பதான் ஒண்ணு ஆகியிருக்கு."

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மருந்துக்கடையில் கல்லாவைப் பாதி மறைத்திருந்த இருமல் மருந்து விளம்பர அட்டையைக் காணவில்லை. நம்மைக் கண்காணிக்கத்தான் எடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று பயந்து, தலையைக் குனிந்துகொண்டு அவன் கடைக்குள் நுழைந்தான். லென்ஸும் கண்ணாடி அலமாரியில் இல்லை.

"ஒருத்தங்க அட்வான்ஸ் கட்டிட்டாங்க," என்றார் கடைக்காரர். "அடுத்த சனிக்கிழமை வந்து பாருங்க. மனசு மாறினாலும் மாறும்."

மாறவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே பதில். பறவைகள் கிளம்ப ஆறு நாள்தான் இருந்தது. தன் மீதே அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடவே தலைவலியும். வேறு வழியில்லாமல் எதிர்க்கடைக்கே போய் மாத்திரை கேட்டான்.

"லென்ஸ் வாங்கியாச்சா?" என்று கேட்டாள் அவள்.

"எங்க வாங்கறது? எவனோ ஒரு புண்ணியவான் அட்வான்ஸ் கட்டிட்டு எடுக்கவும் மாட்டேங்கிறான், விடவும் மாட்டேங்கிறான். என்ன ஜென்மமோ."

"அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

அவன் சொன்னான். குழியை, சுவரை, ஏரியை, வெள்ளிக்கிழமைக்குள் கிளம்பிவிடப் போகிற பறவைகளை. இத்தனையையும் யாரும் அவனிடம் கேட்டதே இல்லை. கேமராவோடு வந்த குட்டி லென்ஸில் எடுத்த படத்தையும் காட்டினான்.

"இதுல பறவை எங்க?"

"அந்தப் புள்ளிதாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. வெளியே வந்த பிறகுதான் மாத்திரையை வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது. தலைவலியும் இல்லை.

திங்கட்கிழமை லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தபோது போன் அடித்தது. "அட்வான்ஸ் கட்டினவங்க விட்டுக்கொடுத்துட்டாங்க. ஓடி வாங்க," என்றார் கடைக்காரர்.

ஓடினான். ஒரு தடவைகூடச் சோதிக்காமல், வாழ்க்கையில் முதல் முறையாக, "பில் போடுங்க," என்றான். லென்ஸைக் கையில் வாங்கியதும் மனசு இளகிவிட்டது.

"யாருங்க அந்த ஆள்? பாவம், ரொம்பத் திட்டிட்டேன். ஒரு நன்றியாவது சொல்லணும்."

கடைக்காரர் பில்லிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "எதிர்க்கடை அம்மாதான் தம்பி, லென்ஸ் கிடைச்சிட்டா அப்புறம் சனிக்கிழமை இந்தப் பக்கமே வரமாட்டீங்களேன்னு கட்டி வச்சிருந்தாங்க."