ஐந்தாவது வளைவில் நின்ற குடைக்காரன்

போடிநாயக்கனூர் நகராட்சி எல்லைக்குள் பொய் சொல்லத் தெரியாமல் வளர்ந்த ஒரே மனிதன் டெமோதான். சிலருக்கு நீச்சல் தெரியாதே, அந்த மாதிரி. இரண்டொரு தடவை முயன்று பார்த்தான். இறங்கிய இடத்திலேயே மூழ்கிப்போனான். அப்படிப்பட்டவனைத்தான் ஊரும் உலகமும் சேர்ந்து புளுகன் என்று முடிவு கட்டின. அந்த முடிவில் கையெழுத்துப் போட்டவன் நான். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கும் மேலே இருக்கும், நான் ஒரு ஏலக்காய்க் கடையில் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். அங்கே புதிதாக வந்து இறங்கிய கம்ப்யூட்டருக்குக் காவலாளி, வைத்தியர், பூசாரி எல்லாம் டெமோதான். என்னைவிட நாலைந்து வயது இளையவன். ஒரு நாள் வடக்கேயிருந்து வந்த வியாபாரி மூட்டையைத் தட்டி, "புதுச் சரக்குதானே?" என்று கேட்டார். முதலாளி தலையை ஆட்டத் தொடங்குவதற்குள், பக்கத்து மேசையிலிருந்து டெமோ, "சாக்கு புதுசுங்க" என்றான். வியாபாரி அன்றைக்கு டீயைக்கூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு, வெளியூர் ஆள் உள்ளே வந்தாலே முதலாளி, "டெமோ, போயி டீ கொண்டா. மெதுவா வந்தாப் போதும்" என்பார். எங்கள் கடையில் அதற்கு அர்த்தம், இனி கொஞ்ச நேரம் பொய் பேசப்படும் என்பது. சீசன் நாட்களில் அவன் டீக்கடையிலேயே குடியிருந்தான். டீக்கடைக்காரர் அவனுக்கென்று தனியாக ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதை. "மாப்ளைக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?" என்று பெண்ணின் தாய்மாமா சிரித்துக்கொண்டே கேட்டார். ஊர் உலகத்தில் யாராவது அதற்குப் பதில் சொல்வார்களா? இவன் சொன்னான்:

"தெனமும் பத்து நிமிசம் லாரி ஓட்டுவேங்க."

"லாரியா? கம்ப்யூட்டர் சோலின்னு சொன்னாக!"

"கம்ப்யூட்டர்லதாங்க ஓட்டுவேன். மலையில. மூடுபனி வேற. ஒம்பதாவது வளைவுக்கு மேல போக முடியலங்க."

தாய்மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கிவருவான். அதோடு ஒரு சிடி கொடுப்பார்கள். அதில் வரப்போகும் வீடியோ கேம்களின் மாதிரிகள் இருக்கும். கடலை விற்கிறவர் ருசிக்குக் கையில் நாலு கடலை போடுவாரே, அதுபோலக் கொஞ்சூண்டு. அதற்குத்தான் டெமோ என்று பெயர். அப்படி வந்த ஒன்றுதான் 'லாஸ்ட் லோடு'. ஒரு பழைய லாரி, ஏற்றமான மலைப் பாதை, பனி. பத்து நிமிடம் ஓட்டலாம். ஒன்பதாவது வளைவில் திரை இருண்டு, முழு விளையாட்டையும் வாங்கச் சொல்லும். அந்தப் பத்து நிமிடத்தையே இரண்டு வருடம், தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டினான். 'டெமோ ஓடுதா?' என்று கேட்டுக் கேட்டுத்தான் அவனுக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

பக்கத்தில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டபடி நானும் பார்ப்பேன். பாதை அச்சு அசல் எங்கள் ஊரிலிருந்து மலையேறும் போடிமெட்டு ரோடு மாதிரியே இருக்கும். ஐந்தாவது வளைவில் ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு குடை பிடித்து நிற்பான். டெமோ ஹாரன் அடிப்பான். அவன் திரும்ப மாட்டான். ஒரு நாள் முதலாளி சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றுவிட்டார். அவர் திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஏய்யா, அந்தாளு மழையில நிக்கிறான்ல. ஏத்திக்கிட்டுப் போயேன்" என்றார்.

"வண்டிய நிறுத்த முடியாதுங்க, முதலாளி."

"என்னய்யா வண்டி இது" என்று அலுத்துக்கொண்டு போனார்.

ஆக, குடைக்காரனைப் பார்த்தவர்கள் போடியில் மூன்று பேர். முதலாளி பிற்பாடு காலமாகிவிட்டார். மீதி இரண்டு பேர்.

டெமோ மஞ்சள்காமாலையில் படுத்திருந்த மாதத்தில் கடையை வேறு தெருவுக்கு மாற்றினோம். பழைய கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போனது. சிடிகளை முதலாளி ராசிங்காபுரத்தில் தமக்குத் தெரிந்த ஒரு விவசாயிக்குக் கொடுத்துவிட்டார். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும், தோட்டத்துக்குக் குருவி வராது. டெமோ திரும்பி வந்து கேட்டபோது, "குருவிக்குக் குடுத்தாச்சு" என்றேன். அவன் இரண்டு நாள் பேசவில்லை. நான் காமாலையின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வருடங்கள் போயின. நான் கடையை விட்டுப் பத்திரிகைக்கு எழுத வந்தேன். டெமோ பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர்க் கடை போட்டான். ஒரு நாள் ஓடி வந்தான், கண்ணெல்லாம் வெளிச்சம்.

"அண்ணே, லாஸ்ட் லோடைத் தேடுறாங்கண்ணே! உலகம் பூராத் தேடுறாங்க!"

அந்த விளையாட்டுக்கு எங்கெங்கோ ரசிகர்கள் இருக்கிறார்களாம். இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கடைசியில் விற்பனைக்கு வந்த விளையாட்டில் மலையே கிடையாது, பாலைவன ரோடு மட்டும்தான். கம்பெனியும் மூடியாகிவிட்டது. அதற்கெல்லாம் முன்னால் வந்த முதல் டெமோ ஒன்று உண்டு என்று வதந்தி. அதை எவரும் பார்த்ததில்லை. அதைத்தான் தேடுகிறார்கள்.

டெமோ தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் எழுதினான். மலை, பனி, ஒன்பது வளைவு, குடைக்காரன். முதலில் கொண்டாடினார்கள். பிறகு விவரம் தெரிந்த ஒருவர், அந்த விளையாட்டில் மனித உருவமே வர வழியில்லை என்று நீளமாக விளக்கினார். உடனே எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்: சிடி எங்கே?

சிடியைத் தேடி ராசிங்காபுரம் போனோம். அந்த விவசாயியின் மனைவி தோட்டத்தில் இருந்தார். "ஆத்தா, பழைய சிடி ஏதாச்சும் தொங்குதா?" என்று டெமோ கேட்டான்.

"தொங்குது, பாருங்கப்பு. குருவி அதும்மேலயே உக்காந்து ஊஞ்சல் ஆடுது. எதுக்கு, அதுல தங்கம் கிங்கம் இருக்கா?"

ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தோம். பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு, யார் வீட்டுக் கல்யாணமோ ஒன்று. பாதியை அந்த அம்மாவின் தம்பி தேவாரத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அங்கும் போனோம். முந்தின வாரம்தான் யானை வந்து வேலியைப் பிடுங்கிப் போட்டிருந்தது. மிதிபட்ட சோளத்தட்டைகளுக்கு நடுவே முழங்கால் போட்டுத் தேடி, சாயங்காலம் ஆகும்போது டெமோ கத்தினான். கிடைத்துவிட்டது. மேலே 'லாஸ்ட் லோடு' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. திருப்பினால், வெள்ளிப் பூச்சு உரிந்து சல்லடையாக இருந்தது. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். அந்தப் பக்கம் மலை தெரிந்தது.

எந்தக் கம்ப்யூட்டரும் அதைப் படிக்கவில்லை. போட்டோ எடுத்துப் போட்டான். இப்படி எவன் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றார்கள்.

அந்த வாரம் எனக்கு எழுத விஷயம் இல்லை. இதைவிட வேறு காரணம் சொன்னால் அது பொய். குருவி, யானை, சிடி, செல்போன் கடைக்காரன் என்று எல்லாம் தட்டில் வைத்த மாதிரி இருந்தன. எழுதினேன். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் ஒரு சிக்கல். அவன் சொல்வது உண்மை என்று வைத்தால் கட்டுரை சோகமாகிவிடுகிறது. கற்பனை என்று வைத்தால் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆகவே இப்படி ஒரு வரி போட்டேன்: 'நானும் அதே கடையில்தான் இருந்தேன். குடையும் இல்லை, ஆளும் இல்லை. காமாலைக் கண்ணுக்கு என்னதான் தெரியாது!'

வாசகர்கள் வயிறு வலிக்கச் சிரித்ததாக எழுதினார்கள். சிரித்தவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் தமிழர், அந்த ரசிகர் குழுவைச் சேர்ந்தவர். அவர் என் கட்டுரையை வரி பிசகாமல் இங்கிலீஷில் போட்டு, கீழே எழுதினார்: இவருடைய நண்பரே சொல்லிவிட்டார். அன்றைக்கே டெமோவைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதில் அவன் பெயரையும் சேர்த்தார்கள். அவனுடைய நிஜப் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து.

பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான்.

"அண்ணே, நீங்க பாத்தீங்கள்ல?"

"பாத்தேம்ப்பா. இது சும்மா சிரிப்புக்கு எழுதுனது."

"பாத்தீங்கதான?"

"பாத்தேன்."

"சரிண்ணே" என்றான். போய்விட்டான்.

நான் ஒரு வரி மறுப்பு எழுதியிருக்கலாம். அடுத்த வாரம் எழுதலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் வேறு விஷயம் கிடைத்துவிட்டது. ஊரில் அவனைக் 'குடை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பஸ்சில் ஏறினால் கண்டக்டர், "குடைக்கும் சேத்து டிக்கெட் எடுக்கணுமா?" என்பார். போன் ரிப்பேருக்குக் கொடுக்க வருகிறவர்கள், "நெசமாவே போனைச் சரி பண்ணிருவியா, இல்ல அதுவும் ஒன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். டெமோ கடையை மூடிவிட்டு, மேலே மலையில் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு வேலைக்குப் போனான்.

போன மாதம் அந்தக் குழுவை எட்டிப் பார்த்தேன். அவ்வப்போது பார்ப்பேன், ஏன் என்று கேட்காதீர்கள். ஒரே திருவிழாவாக இருந்தது. வெளிதேசத்தில் யாரோ ஒருவருக்கு அவர் அப்பாவின் பழைய பெட்டியில் முதல் டெமோ பழுதில்லாமல் கிடைத்துவிட்டது. வீடியோ போட்டிருந்தார். மலை. பனி. ஐந்தாவது வளைவில், முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் நின்றான்.

கண்டெடுத்தவர் பெயரையே அந்தப் பாதைக்குச் சூட்டினார்கள். அவரைப் பேட்டி எடுத்தார்கள். மனித உருவம் வர வழியில்லை என்று நிறுவியவர், எப்படி வந்தது என்று அதைவிட நீளமாக விளக்கினார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒருவர் மட்டும், 'அப்படியானால் அந்த இந்தியர் பொய் சொல்லவில்லை போலிருக்கிறதே' என்று எழுதியிருந்தார். ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுக்க யாருக்கும் நினைவில்லை.

அந்த டெமோவை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு மறுநாள் காலை பஸ்சைப் பிடித்தேன். போடிமெட்டில் இறங்கி, ஜீப்பில் தொற்றி எஸ்டேட் போய்ச் சேர்ந்தேன். ஸ்டோர் வாசலில் டெமோ காய் புடைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது.

"வாங்கண்ணே. சாப்டீங்களா?"

நான் லேப்டாப்பைத் திறந்து அவன் முன்னால் நீட்டினேன். லாரி உறுமியது. அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டான்.

"ஓட்டுப்பா" என்றேன்.

"எதுக்குண்ணே? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. தெரியாதவங்க ஓட்டிப் பாக்கட்டும்."

லேப்டாப்பை மூடினேன். "நான் எழுதுனது தப்புப்பா" என்றேன்.

"நல்லாத்தாண்ணே எழுதியிருந்தீங்க. குருவி வர்ற எடத்துல நானே சிரிச்சேன். காமாலைக் கண்ணு வர்ற எடத்துலதான் சிரிப்பு வரல."

சொல்லும்போது அவன் குரலில் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

"இப்பவாச்சும் உண்மைய எழுதுறேன். குழுவுக்கும் எழுதுறேன், பத்திரிகையிலயும் எழுதுறேன்."

"எழுதுங்க. அந்தப் பட்டியல்ல எங்கப்பா பேரும் சேந்து இருக்குல்ல, அதை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

ஆறுதல் சொல்வதுபோல் காற்று ஏலச்செடிகளை அசைத்துக்கொண்டிருந்தது என்றெல்லாம் எழுதினால் இப்போது எனக்கே கூசுகிறது. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். மேஸ்திரி ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். மலையாளத்துக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது ஆரா?" என்று டெமோவிடம் கேட்டார்.

இவனுக்குப் பொய் சொல்ல வராது. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

டெமோ முறத்தைத் தட்டிக் கீழே வைத்தான்.

"நமக்கு வேண்டப்பட்டவரு, சேட்டா" என்றான்.