அரை மணி நேரத்தைத் தேடிய படலம்

வாழ்க, காதோரம் பென்சில் செருகிய எங்கள் கணக்கர்! வாழ்க, மேசையாயினும் அலமாரியாயினும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிட்ட அட்டை திறந்து, அதில் ஏறிய மரத்தையும் வார்னிஷையும் உழைப்பின் நிமிடங்களையும் சிந்தாமல் சிதறாமல் பதியும் அவர்தம் வலக்கரம்! 'எண் இல்லாத வேலைக்கு ஆணிகூட அடிக்கக் கூடாது. அட்டையில் ஏறாத நேரத்துக்குக் கூலி கிடையாது' என்று பட்டறைச் சுவரில் சாசனம் ஒட்டிய கொற்றவர் அவரே.

அப்பெருந்தகையின் மேசைமீது ஒரு மாலை நான்கரை மணிக்குத் தச்சரின் நேரச்சீட்டு வந்து விழுந்தது. உழைத்தது எட்டு மணி நேரம். பல் மருத்துவர் கேட்ட வளைவு மேசைக்கு ஐந்து, மாடிப்படிக் கைப்பிடிக்கு இரண்டரை. கூட்டினார், ஏழரை. கீழிருந்து மேலாகக் கூட்டினார், அப்போதும் ஏழரைதான்.

ஐந்து மணிக்கு அட்டைகள் முதலாளியம்மாவிடம் போயாக வேண்டும். அதற்குள் அந்த அரை மணிக்கு ஓர் எண் கிடைக்காவிட்டால் தச்சரின் கூலியில் வெட்டு விழும். அந்த மனிதரோ ஏன் என்றுகூடக் கேட்காமல் வாங்கிப் போவார். அப்படியோர் அநீதியைக் கணக்கர் பொறுப்பாரா?

எழுந்தார் வீரர். மரத்தூள் முகில் கிழிய, ரம்பங்கள் முரசென முழங்க, இழைப்புச் சுருள்கள் காலடியில் நொறுங்க, பசை டப்பாக்களின் கணவாய் கடந்து, வழியில் அகப்பட்ட, வார்னிஷ் பூசும் அக்காவைக் குறுக்கு விசாரணை செய்து, குப்பைக் கூடையையும் கவிழ்த்துப் பார்த்து, கடைசியில் தச்சர் முன் நின்று கர்ஜித்தார்:

"உளியேந்திய மாவீரரே, சொல்லும்! அந்த அரை மணி எவர்பொருட்டுக் கழிந்தது?"

தச்சர் தலையைச் சொறிந்தார். "நீங்கதானே சார் காலையில சொன்னீங்க, என் நாற்காலி ஆடுது, கொஞ்சம் பாருங்கன்னு. கால் ஒண்ணு புதுசா போட்டேன். அதுக்கு நம்பர் ஏது?"

ரம்பம் ஓய்ந்தது. வார்னிஷ் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

மூன்று மாதமாகத் தம்மைத் தாலாட்டிய அரியணையில் கணக்கர் மீண்டும் அமர்ந்தார். அது மலையென நின்றது. கூட்டல் மும்முரத்தில் அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. புதிய அட்டை ஒன்றைத் திறந்து, மரம்: கால் ஒன்று, உழைப்பு: அரை மணி என்று பொறித்து, வாடிக்கையாளர் என்ற கட்டத்தில், சாசனம் சுவரிலிருந்து முறைத்துப் பார்க்க, தம் திருநாமத்தையே எழுதி, எட்டு மணி நேரத்தையும் நிறைவு செய்தார் அந்த ஈடிணையற்ற தர்மவான்.

தச்சருக்கு முழுக் கூலி கிடைத்தது. கணக்கர் சம்பளத்தில் நாற்காலிக் காலுக்கும் அரை மணி உழைப்புக்குமான காசைப் பிடித்துக்கொண்டார்கள்.