மூணு கதவு பீரோவும் மணிப்பூச் செடியும்

தெருவுல எல்லா வீட்டு வாசல்லயும் ஏன் ஒரே நீலப்பூன்னா கேக்குறீங்க? எல்லாத்துக்கும் தாய்வீடு எங்க வீடுதான். காரணகர்த்தா நான். இப்படி இந்தச் சுவர் மேல ஒக்காருங்க சார். உங்க சாமான் வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது. நானும் கொஞ்சம் இடுப்பை நிமித்தணும்.

இதுக்குப் பேரு மணிப்பூ. பாக்க மணி மாதிரி இருக்கும், சத்தம் போடாது. எங்க வீட்ல சத்தம் போடாத மணி இது ஒண்ணுதான்.

நான் லிஃப்ட் ரிப்பேர்காரன். ஆறு நாளும் அடுத்தவங்களை மேல ஏத்தி விடுறதுதான் பொழப்பு. ஏழாம் நாள் என் பொண்டாட்டி பீரோவை நகத்தச் சொல்லுவா. இரும்பு பீரோ. மூணு கதவு. இந்த வாரம் ஜன்னலோரம். அடுத்த வாரம் "வெளிச்சத்தை மறைக்குதுங்க". அதுக்கடுத்த வாரம் "அந்த மூலை வெறிச்சுனு இருக்குங்க". கல்யாணமாகி பதினாறு வருஷத்துல அந்த பீரோவைத் தள்ளின தூரத்துக்கு நான் நேரா ஒரே பக்கமா நடந்திருந்தா, தப்பிச்சே போயிருப்பேன்.

ஒரு நாள் முடிவு பண்ணினேன். இனி ஞாயித்துக்கிழமைக் காலை என்னுது. ஒரு நாற்காலி, ஒரு பேப்பர், மூணு மணி நேரம். யாரும் கூப்பிடக் கூடாது. அதுக்கு ஒரு சாக்கு வேணுமே? உடம்பு முடியலைன்னா மாத்திரையோட தலைமாட்டுல வந்து நின்னுடுவா. நாய் வளத்தா ரெண்டே நாள்ல அவ கட்சியில சேந்துடும். செடின்னா வாயில்லாத சீவன். காட்டிக் குடுக்காது.

நர்சரிக்காரர்கிட்ட, "ரொம்பப் பாடுபடுத்துற செடியாப் பாத்துக் குடுங்க"ன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "இந்தாங்க, நட்டுட்டு மறந்துடலாம். வருஷா வருஷம் தானா வரும்"னு இதைக் குடுத்தார். சரி, அதை வீட்ல போயா சொல்லப்போறோம்?

"இத பாரும்மா, இது சொகுசுச் செடி. தண்ணி தேங்கினா அழுகும். வெயில் ஏறினா வாடும். வாடின பூவை ஒவ்வொண்ணாக் கிள்ளி எடுத்தாதான் மறுபடியும் பூக்கும்."

இது வரைக்கும் உண்மை சார். அங்கயே வாயை மூடியிருக்கணும்.

"அது மட்டும் இல்ல, கை மாறினா பொறுக்காது. வாராவாரம் மூணு மணி நேரம் நானே பக்கத்துல ஒக்காந்து பாக்கணும்."

"என் கை பட்டா?"

"செத்துடும்."

"மூணு மணி நேரமா?"

"கொறஞ்சது."

"சரிங்க."

அந்த 'சரிங்க'லயே நான் உஷாராயிருக்கணும். பதினாறு வருஷத்துல அவ மறுபேச்சு இல்லாம சரின்னது அதான் மொத தடவை.

மொத வருஷம் வெறும் இலை. "பூ எங்கங்க?"ன்னா. "யோசிச்சுட்டு இருக்கு"ன்னேன். ரெண்டாம் வருஷம் கொத்துக் கொத்தாப் பூத்துது. நான் பத்து நிமிஷம் பூ கிள்ளுவேன், மிச்ச நேரம் பேப்பர். சொர்க்கம் சார்! குளிர்காலம் வந்ததும் செடி தரையோட காஞ்சு காணாமப் போச்சு. சாக்கும் போச்சேன்னு பதறிட்டேன்.

"வேர் தூங்குதும்மா. பக்கத்துல ஆள் இருக்கணும்."

"அதுக்குத் துணைக்குத்தான் நீங்களும் கொறட்டை விட்டீங்களா?"

கேட்டுட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். பீரோவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்.

மூணாம் வருஷம், ஒரு சனிக்கிழமை. வேலை முடிஞ்சு வரேன். புதர் மாதிரி நின்ன செடி, கைப்பிடி அளவு இருக்கு. சுத்திலும் குழி. பக்கத்துல மண்வெட்டியோட அவ.

"ஐயையோ! என்ன பண்ணித் தொலைச்ச?"

"நர்சரிக்காரரைப் பாத்தேங்க. மூணு வருஷமானா தோண்டிப் பிரிச்சு நடணுமாமே. இல்லாட்டி நடுவுல காஞ்சிடுமாம். பதினோரு துண்டு வந்துச்சு. பதினோரு வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

"உன் கை பட்டா செத்துடும்னு சொன்னேனே!"

"அதான் கையுறை போட்டுக்கிட்டேன்."

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அடுத்த குண்டு.

"பாவம், அவங்க கை பட்டாலும் செத்துடுமே? அதனால எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வந்து அவரே பாத்துக்குவார்னு எல்லார்கிட்டயும் வாக்கு குடுத்துட்டேன்."

"பதினோரு வீடா! வீட்டுக்கு மூணு மணி நேரம்னா முப்பத்துமூணு! ஒரு நாளைக்கு அவ்வளவு மணி ஏதுடி?"

"அப்ப அவ்வளவு நேரம் வேணாமா?"

வேணும்னா நான் செத்தேன். வேணாம்னா மூணு வருஷப் பொய் செத்துது.

"வீட்டுக்கு அரை மணி போதும்"னு முனகினேன்.

"அப்படியே சொல்லிடுறேன்"னு கிளம்பிட்டா. மூணு வருஷம் காத்திருந்திருக்கா சார், இந்த ஒரு கேள்விக்கு!

மறுநாள் மொத வீடு, தையல்காரம்மா வீடு. செடி திடமா இருக்கு. அதுக்கு என்னைத் தேவையே இல்லை. ரெண்டே நிமிஷத்துல எந்திரிச்சேன்.

"அதுக்குள்ளயாண்ணே? அரை மணின்னு அக்கா சொன்னாங்களே. மிச்ச நேரத்துக்கு இந்த பீரோவைக் கொஞ்சம் அந்தப் பக்கம்... நீங்க கை வெச்சா வழுக்கிட்டுப் போகுமாமே?"

பதினோரு வீடு சார். பத்து பீரோ. ஒரு வீட்ல பீரோ இல்லைன்னு நிம்மதியாப் போனேன். பீரோவை விடக் கனமா ஒரு கட்டிலைக் காட்டினாங்க.

எங்க வீட்டு பீரோ மட்டும் மூணு வருஷமா வெச்ச எடத்துல இருக்கு. அதோ அங்க, பூவுக்குப் பக்கத்துல, நாற்காலியில ஒக்காந்திருக்கிறது யாருன்னு பாருங்க. கையில இருக்கிறது என் பேப்பர்.

"ஏங்க!"

இருங்க சார், கூப்பிடுறா.

"என்னம்மா?"

"புதுசாக் குடி வந்திருக்கிற வீட்டம்மாவுக்கும் ஒரு துண்டு குடுத்துட்டேங்க. போய்ப் பாத்துட்டு வாங்க."

"வண்டியில இருந்து சாமானே இறக்கலையேம்மா. செடிக்கு இப்ப என்ன அவசரம்?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன். மொதல்ல சாமானை இறக்குங்க."

"இதோ போறேம்மா."

எந்திரிங்க சார். உங்க பீரோவுக்கு எத்தனை கதவு?