கடல்பாசி முறுக்கும் என் ஆபரேஷனும்

இன்று ஒரே வேலைதான். ஆலங்குடி போய் ரத்த டெஸ்ட் எடுத்து, ரிசல்ட்டை டாக்டரம்மாவிடம் காட்டி, குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

போன மாதமே குறித்திருப்பார்கள். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில நாள் விழுங்கினேன். வயிறு கட்டிக்கொண்டது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடல்பாசி முறுக்குக்கு மாறினேன். ‘இரும்புச் சத்து நிறைந்தது’ என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. அச்சில் வந்தால் நான் நம்பிவிடுவேன்.

துணைக்கு மனைவியின் தம்பி முருகேசன். ஆபரேஷன் முடிந்ததும் என்னைத் தூக்கி உட்காரவைப்பதற்காகத் திருப்பூரில் லீவு சொல்லிவிட்டு, போன வாரமே வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்திலிருந்தவரிடம் ஆரம்பித்தேன்.

“மாத்திரைன்னா உடம்பு சந்தேகப்படும்ங்க. பலகாரம்னா நம்பி உறிஞ்சிக்கும். உள்ள போறது பெருசில்ல, ரத்தத்துல சேரணும்!”

“டாக்டர் சொன்னாங்களா?”

“போன்ல வந்துச்சுங்க.”

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ரிசல்ட்டைப் பார்த்தார்.

“முன்னைவிடக் கொறஞ்சிருக்கே! மாத்திரை போட்டீங்களா?”

“அதைவிட நல்லதுங்க. கடல்பாசி முறுக்கு.”

“எதோட சாப்பிட்டீங்க?”

நான் யோசிப்பதற்குள் முருகேசன் முந்திக்கொண்டான்.

“டீயோடதான் மேடம். மச்சானுக்குப் பல்லு ஆடுது. முறுக்கைக் கிளாசுல முக்கி ஊறவச்சுத்தான் திம்பாரு. அடியில கெடக்குற தூளோட அந்த டீயையும் குடிச்சிருவாரு!”

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

“முறுக்குல போடுற பாசியே ஒரு சிட்டிகை. அதுல இருக்குற இரும்புல கொஞ்சந்தான் ஒடம்புல ஒட்டும். அந்தக் கொஞ்சத்தையும் டீ ஒட்ட விடாது. நெல்லிக்காயோட தின்னுருந்தாலும் ஏதோ சேர்ந்திருக்கும்.”

“அப்ப ஆபரேஷன்?”

“ரத்தம் ஏறட்டும். ஒழுங்கா மாத்திரையப் போடுங்க. முன்னயும் பின்னயும் டீ கூடாது.”

வெளியே வந்ததும் முருகேசன் சொன்னான்: “இன்னொரு தடவை லீவு கேட்டா மொதலாளி எனக்கு ஆபரேஷன் பண்ணிருவாரு, மச்சான்.”

எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ வந்தது. பையில் மிச்சமிருந்த முறுக்கை, பெஞ்சுக்கடியில் படுத்திருந்த நாய்க்குப் போட்டேன்.

அதற்காவது ஒட்டும். அது டீ குடிப்பதில்லை.