மேல்முடிச்சும் கீழ்முடிச்சும்

தீயைக் கண்டுபிடித்தபின் மனித குலம் எடுத்த மகத்தான முடிவு எதுவென்று கேட்டால், அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் எடுக்கப்பட்டதைத்தான் சொல்ல வேண்டும். எதையும் அவசரப்பட்டு முடிவு செய்வதில்லை என்ற முடிவு அது.

அதன் பலனை முழுமையாக அனுபவித்தவர் ஒரு சலூன்காரர். முப்பது வருஷமாக நின்றே பிழைத்தவர். அவருக்கு மலக்குடலில் புற்றுக்கட்டி. கதிர்வீச்சு கொடுத்துச் சுருக்கியாகிவிட்டது. எட்டு வாரத்துக்குள் வெட்டி எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் மறுபடி தலைதூக்கும் என்று கதிர்வீச்சு டாக்டர் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார். இப்போதே எடுத்தால் குடலை ஒட்டிவிடலாம். வயிற்றில் மலப்பை மூன்று மாதத்துக்குத்தான். கட்டி கீழே இறங்கிவிட்டால் ஆசனவாயையே எடுக்க வேண்டும், பை ஆயுளுக்கும்.

சலூன்காரருக்கு உயிர்க்கவலையைவிடத் தொழில்கவலை பெரிது. "நான் நின்னா என் வயிறும் நாற்காலில உட்கார்ந்திருக்கிறவர் காதும் ஒரே மட்டம் சார். மூணு மாசம்னா கடையைச் சாத்திட்டு சமாளிப்பேன். ஆயுசுக்கும்னா எவன் எங்கிட்டத் தலையைக் கொடுப்பான்?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். துறைத் தலைவர் நெகிழ்ந்துபோய் அதை அப்படியே 'பதிவு' செய்யச் சொன்னார். பதிவும் ஆயிற்று.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். வயிற்றில் நாலைந்து துளை போட்டுக் கேமராவை விட்டுக் கட்டியை எடுக்கும் நுண்துளை அறுவையில் அங்கே இரண்டு மேதைகள். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை வேரிலேயே கட்டி அறுக்க வேண்டும் என்பவருக்கு நர்ஸுகள் வைத்த பெயர் மேல்முடிச்சார். ஒரு கிளையைப் பிழைக்க விட்டு அதற்குக் கீழேதான் கட்ட வேண்டும் என்பவர் கீழ்முடிச்சார். மேலே கட்டினால் நோய் ஒளிந்திருக்கும் நிணநீர்க் கணுக்கள் மொத்தமாக வரும் என்பது முன்னவர் கட்சி. கீழே கட்டினால்தான் ஒட்டுப்போட்ட இடத்துக்கு ரத்தம் ஓடும், தையல் விடாது என்பது பின்னவர் கட்சி. இருவர் கையிலும் நோயாளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறினார்கள். இந்த அநாகரிகமான தகவலைக் கூட்டத்தில் எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

புதன்தோறும் கூட்டம். வென்றவர் உடனே கத்தியை எடுக்க வசதியாக, நோயாளி புதன்தோறும் பேதிக்குக் குடித்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், கவுன் மாட்டி வெளியே காத்திருக்க வேண்டும் என்பது துறையின் விதி. முதல் புதன் மேல்முடிச்சார் படம் போட்டார். அடுத்த புதன் கீழ்முடிச்சார் பதில் படம் போட்டார். மூன்றாம் புதன் ப்ரொஜெக்டர் பழுதாகி, விஞ்ஞானம் ஒரு வாரம் இருட்டில் கிடந்தது. நான்காம் புதன் ஒரு 'துணைக்குழு' பிறந்தது. சலூன்காரரின் குடல் மட்டும் ஒவ்வொரு வாரமும் பளிச்சென்று சுத்தமாக வீடு திரும்பியது.

ஏழாம் புதன் அவருடைய சம்சாரம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எந்த முடிச்சா இருந்தாலும் பரவாயில்லைங்க சார். ஏதோ ஒண்ணைப் போட்டு விடுங்க. எட்டு வாரம்னு எழுதியிருக்கு."

அறை பெருந்தன்மையோடு சிரித்தது. எட்டு வாரம் என்பது 'பொதுவான வழிகாட்டுதல்'தான் என்று துறைத் தலைவர் விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுக்காரர் சாதாரண கேஸ் இல்லம்மா. ஒல்லி உடம்பு, கொழுப்பே இல்லை. உள்ளே குழாயெல்லாம் கண்ணாடி மாதிரி தெரியும். அவரை மாநாட்டுக்குன்னு எடுத்து வெச்சிருக்கோம்."

மாநாட்டுக்கு இன்னும் ஏழு வாரம். அவருடைய அறுவையை முந்நூறு டாக்டர்கள் திரையில் நேரடியாகப் பார்ப்பார்கள். மேலா கீழா என்பதை மேடையில் ஓர் உறையைப் பிரித்து அறிவிப்பார்கள். இதைக் கேட்டதும் சலூன்காரருக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்? முடிவெட்ட வந்தவர்களிடமெல்லாம் தன் வயிற்றின் அழகைப் பற்றிச் சொல்லிக்கொண்டார்.

மாநாட்டுக்கு நான்கு நாள் இருக்கையில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பழையபடி வளர்ந்து, கீழே இறங்கி, ஆசனவாய்த் தசையைக் கவ்வியிருந்தது. கூட்டத்துக்கு அழைக்கப்படாத ஒரே தரப்பு அதுதான், தன்னிச்சையாக முடிவெடுத்துவிட்டது. மேதைகள் இருவரும் அன்றுதான் முதல்முறையாக ஒத்துப்போனார்கள். ஒட்டுப்போடும் வேலையே இல்லாத வயிற்றில் மேலென்ன, கீழென்ன? இந்தக் கேஸ் மாநாட்டுக்கு உதவாது.

எந்தக் கட்சியிலும் சேராத மூன்றாவது டாக்டர் ஒருவர், பார்வையாளர் யாருமில்லாமல், மறுநாளே அறுவையை முடித்தார். கண் விழித்த சலூன்காரர் கேட்ட முதல் கேள்வி, எந்த முடிச்சு என்பதுதான்.

"கைக்கு எது வசதியா வந்துதோ அதுதாங்க," என்றார் டாக்டர்.

உயிர் பிழைத்தது. பை நிலைத்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சலூனை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார்கள்.

மாநாடு அமோக வெற்றி. அதன் வழவழப்பான ஆய்வறிக்கை, 'ஒத்துழைத்த நோயாளிகளுக்கு நன்றியுடன்' தபாலில் வந்தது. சம்சாரம் கடைசிப் பக்கத்து அட்டவணையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"'ஆய்விலிருந்து நீக்கப்பட்டவர் ஒருவர். காரணம், உரிய காலத்தில் அறுவைக்கு வராதது.' யாருங்க அது, இவ்வளவு பொறுப்பில்லாத மனுஷன்?"

சலூன்காரர் சட்டைக்குள் பையைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான்."